செல்லின் சிறுவாடு

வயிற்றுப்போக்கென்று குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், திரும்பும்போது கையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம். இன்னொன்று ஜிங்க், அதாவது துத்தநாக, மாத்திரை அட்டை. ஓ.ஆர்.எஸ். எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை; உடம்பை விட்டுப் போன நீரும் உப்பும் திரும்பியாக வேண்டும். மாத்திரையில்தான் கேள்வி வருகிறது. தாய்ப்பாலிலோ ஒரு கரண்டித் தண்ணீரிலோ கரைத்து, நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டாலும் நிறுத்தக் கூடாது என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை இதன் அடிப்படை: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் துத்தநாகம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள்கள்.

நோய் போன பிறகும் மருந்து எதற்கு? வளர்ந்த ஒருவரின் உடலில் இரண்டு முதல் மூன்று கிராம் துத்தநாகம் இருக்கிறது. நாம் ஒரு நாளில் உணவின் வழியே பெற வேண்டிய அளவு சில மில்லிகிராம்கள்தான். கணக்குப்படி பார்த்தால் பல மாதச் செலவுக்கான இருப்பு உள்ளேயே கிடக்கிறது. ஆனால் உணவில் துத்தநாகம் குறைந்த சில வாரங்களிலேயே உடல் தள்ளாடத் தொடங்குகிறது: தோலில் புண், ஆறாத காயம், மந்தமான பசி, தளர்ந்த நோயெதிர்ப்பு, குழந்தைகளிடம் நின்றுபோன வளர்ச்சி. கிராம் கணக்கில் வைத்துக்கொண்டு மில்லிகிராமுக்கு ஏன் திண்டாட வேண்டும்?

சில குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். நிலம் இருக்கும், வீடு இருக்கும், கழுத்தில் நகை இருக்கும். நாளைக்குப் பால்காரருக்குக் கொடுக்கக் கையில் காசு இருக்காது. அந்த வேளையில் வீட்டை நடத்துவது அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டியிலும் ஒளித்துவைத்த சிறுவாட்டுப் பணம். துத்தநாகத்தைப் பொறுத்தவரை நம் செல் அப்படிப்பட்ட குடும்பம்தான். அதன் சொத்து எங்கே முடங்கியிருக்கிறது, சிறுவாடு எங்கே இருக்கிறது, கையிருப்பு எவ்வளவு என்று செல் எப்படி அறிகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், மரபணுக்களை இயக்கும் ஒரு நுட்பமான ஏற்பாட்டில் கொண்டுபோய் விடும்.

சொத்து முடங்கிய இடம்

துத்தநாகம் உயிருக்குத் தேவை என்பது பூஞ்சையில்தான் முதலில் தெரிந்தது. லூயி பாஸ்டரின் மாணவர் ஜூல்ஸ் ரௌலின் 1869இல் கறுப்புப் பூஞ்சையொன்றை வளர்த்தபோது, துத்தநாகம் இல்லாத கரைசலில் அது சரியாக வளரவில்லை. எலிக்கும் அது இன்றியமையாதது என்று 1934இல் தெரிந்தது. மனிதருக்கும் அப்படித்தான் என்று சொல்ல இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. பீகாரின் பக்சரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் ஓர் இளைஞரைப் பார்த்தார். வயது 21, தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. அந்தப் பகுதி ஏழைகளின் சாப்பாடு பெரும்பாலும் புளிக்காத ரொட்டி. முழுத் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைக் குடலிலேயே பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. பின்னர் எகிப்தில் இதேபோல் வளர்ச்சி குன்றியவர்களிடம் ஆய்வைத் தொடர்ந்து, காரணம் துத்தநாகக் குறைபாடு என்று பிரசாத் நிறுவினார். துத்தநாகம் தந்தபோது அவர்கள் வளர்ந்தார்கள்.

இத்தனை முக்கியமான உலோகம் உடலில் என்ன செய்கிறது? பெரும்பகுதி புரதங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. 1940இல் கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லினும் டி. மானும் முதல் எடுத்துக்காட்டைக் கண்டுபிடித்தார்கள். இரத்தச் சிவப்பணுக்களில் இருந்துகொண்டு கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதிக்குத் துத்தநாகம் இல்லாமல் வேலை ஓடாது. இன்று மனித மரபணுத் தொகுதியை அலசிப் போட்ட கணக்குப்படி, நம் புரத வகைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று, சுமார் 2,800 வகை, துத்தநாகத்தைப் பிடித்துவைக்கும் திறன் கொண்டது.

இதற்கு இந்த உலோகத்தின் குணம் காரணம். இரும்பும் தாமிரமும் எலக்ட்ரானை வாங்கும், கொடுக்கும். அதனால் மூச்சு விடுதல் போன்ற வேலைகளுக்கு அவை வேண்டும். அதே குணத்தால் கவனிக்காமல் விட்டால் அருகில் இருப்பதைச் சிதைக்கும் மூலக்கூறுகளையும் கிளப்பிவிடும். துத்தநாகம் அப்படியில்லை. உயிரினத்துக்குள் அது எப்போதும் இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட அயனியாகவே இருக்கிறது. எலக்ட்ரான் விளையாட்டுக்கு வருவதில்லை. ஆனால் கந்தகத்தையும் நைட்ரஜனையும் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். புரதத்தின் ஒரு பகுதியை மடித்து நிறுத்தவோ, ஒரு வேதிவினையை விரைவுபடுத்தவோ, டி.என்.ஏ.வுக்கு அருகே அதற்குச் சேதமில்லாமல் உட்காரவோ இதைவிடப் பொருத்தமான உலோகம் கிடைப்பது அரிது.

இப்படிப் பற்றிக்கொண்டதுதான் முடக்கம். உடலின் துத்தநாகத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தசையிலும் எலும்பிலும் இருக்கிறது. அது நிலபுலன் போன்றது. உணவில் துத்தநாகம் குறைந்துவிட்டது என்பதற்காகத் தசை தன் புரதங்களைப் பிரித்து விற்றுத் தருவதில்லை.

கையில் எத்தனை காசு?

அப்படியானால், எந்தப் புரதத்திலும் ஒட்டாமல் செல்லுக்குள் திரியும் துத்தநாகம் எவ்வளவு? இதைத் ‘தனித் துத்தநாகம்’ என்று அழைப்போம். இதை அளப்பது எளிதல்ல. துத்தநாக அயனிக்கு நிறமில்லை. இரும்பைப் போலவோ தாமிரத்தைப் போலவோ ஒளியில் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் சுற்றுவழியில் போனார்கள்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கேரின் அவுட்டனும் தாமஸ் ஓ'ஹாலரனும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைத் திரும்பிப் பார்க்கவைத்தது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். அதில் துத்தநாகத்தை உணரும் புரதங்கள் இரண்டு. ஒன்று, துத்தநாகம் போதுமான அளவு இருக்கும்போது அதை உள்ளே இழுக்கும் மரபணுக்களை நிறுத்திவைக்கும். மற்றது, அளவு மிஞ்சும்போது வெளியே தள்ளும் மரபணுவை இயக்கும். இந்த இரண்டையும் செல்லிலிருந்து பிரித்தெடுத்து, தனித் துத்தநாகத்தின் அளவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்திய கரைசல்களில் வைத்து, எந்த அளவில் அவை வேலைக்கு இறங்குகின்றன என்று பார்த்தார்கள்.

கிடைத்த அளவு நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. ஒரு பாக்டீரியாவில் மொத்தம் சுமார் இரண்டு லட்சம் துத்தநாக அணுக்கள் இருக்கின்றன. அந்த உணரிகள் எச்சரிக்கை அடையும் செறிவோ, பாக்டீரியாவின் கொள்ளளவில் ஓர் அணு தனியாக இருந்தால் கிடைக்கும் செறிவைவிடப் பல லட்சம் மடங்கு குறைவு. அதாவது, சாதாரண நிலையில் அந்தச் செல்லுக்குள் தனியாகத் திரியும் துத்தநாக அணு ஒன்றுகூட இல்லை. எல்லாமே ஏதோ ஒரு புரதத்தின் பிடியில் இருக்கிறது. ஒரு பிடியிலிருந்து மறு பிடிக்குக் கைமாறுகிறது.

மனித செல் இத்தனை கஞ்சத்தனம் காட்டுவதில்லை. துத்தநாகம் ஒட்டினால் ஒளிரும் தன்மை மாறுகிற புரத உணரிகளை 2009 வாக்கில் விஞ்ஞானிகள் வடிவமைத்தார்கள். இவற்றை உயிருள்ள செல்லே தயாரித்துக்கொள்ளும்படி செய்து, நுண்ணோக்கியின் கீழ் அளந்தார்கள். அந்த அளவுகளை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஒரு மனித செல்லில் மொத்தம் பத்துக் கோடி அளவுக்குத் துத்தநாக அணுக்கள் இருக்கும். செல்லின் நீர்ப்பகுதியில் தனியாக இருப்பவை சில நூறு. கோடீஸ்வர வீட்டில் சட்டைப் பையில் சில நூறு ரூபாய்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. துத்தநாகத்தின் பிடி வலுவானது; இடம் தவறிப் பிடித்தாலும் விடாது. தனித் துத்தநாகம் கூடினால் வேறு உலோகங்களுக்கான இடங்களில் போய் அமர்ந்துகொள்ளும், தேவையில்லாத நொதிகளை முடக்கும். அளவு கூடினால் நஞ்சு, குறைந்தால் பஞ்சம். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வரப்பு.

ஏழு அணு கொள்ளும் பெட்டி

வரும்போது வாங்கிவைக்கவும் வேண்டியபோது எடுத்துக் கொடுக்கவும் ஓர் இடம் வேண்டும். அது 1957இல் அகப்பட்டது. பாஸ்டனில் மார்வின் மார்கோஷசும் பெர்ட் வாலியும் குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பிடித்துவைத்திருந்த ஒரு சிறிய புரதத்தைக் கண்டார்கள். அதில் துத்தநாகமும் இருந்தது. உலோகமும் கந்தகமும் அளவுக்கு மீறி இருந்ததால் அதற்கு ‘மெட்டலோதயோனின்’ என்று பெயர் வந்தது.

இந்தப் புரதத்தின் அமைப்பு விசித்திரமானது. புரதங்களில் பொதுவாகச் சில நூறு அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கும். இதில் அறுபதுக்குச் சற்று மேல். அவற்றில் இருபது, கந்தகம் கொண்ட சிஸ்டீன். வேறெந்தப் புரதத்திலும் இவ்வளவு அடர்த்தியாகச் சிஸ்டீனைப் பார்ப்பது அரிது. இந்த இருபது கந்தகங்களும் சேர்ந்து ஏழு துத்தநாக அணுக்களைப் பிடித்துவைக்கின்றன; ஒரு பாதியில் நான்கு, மறுபாதியில் மூன்று.

ஏழும் ஒரே வலுவில் பிடிபட்டிருப்பதாகத்தான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2007இல் அர்த்தூர் கிரென்செலும் வோல்ஃப்காங் மாரெட்டும் ஒவ்வொன்றாக அளந்தபோது வேறு படம் தெரிந்தது. நான்கு அணுக்கள் மிக இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கின்றன, இரண்டு நடுத்தரமாக, ஒன்று தளர்வாக. செல்லில் தனித் துத்தநாகம் இருக்கும் அளவுக்கு ஏற்றபடி இந்தப் புரதம் பாதி நிரம்பியும் பாதி காலியாகவும் இருக்க முடியும். வந்தால் வாங்கிக்கொள்ளும், கேட்டால் முதலில் தளர்ந்ததைக் கொடுக்கும். இன்னொரு வழியும் உண்டு. செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற நெருக்கடி வந்தால் சிஸ்டீனின் கந்தகங்கள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டு துத்தநாகத்தைக் கைவிடும். உடனடித் தேவைக்குத் துத்தநாகம் கிடைத்துவிடும்.

இதுதான் சிறுவாடு. எடுக்கவும் வைக்கவும் தோதானது, அளவு சிறியது. இரும்போடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்னும் புரத உருண்டை ஒன்றுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். மெட்டலோதயோனினில் ஏழு. கல்லீரலில் இரும்புக்கு மாதக்கணக்கில் தாங்கும் இருப்பு உண்டு. துத்தநாகத்துக்கு அப்படியொரு கிடங்கு நம் உடலில் இல்லை.

எல்லா உயிரும் இப்படியில்லை. ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் ஈஸ்ட்டில், செல்லுக்குள் நீர்க்குமிழ் போன்ற பெரிய பை ஒன்று இருக்கிறது. மிஞ்சிய துத்தநாகத்தை அதில் அடைத்துவைக்கும். வெளியே துத்தநாகத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது அந்த இருப்பு எட்டுத் தலைமுறை மகள் செல்கள்வரை தாங்கும் என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் செல்களிலும் துத்தநாகம் நிறைந்த நுண்பைகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவை தனி வேலைக்காக ஒதுக்கப்பட்டவை. கணையத்தில் இன்சுலினைக் கட்டுக்கட்டாக அடுக்கிவைக்க அது வேண்டும். சுண்டெலியின் முதிர்ந்த கருமுட்டையில் சுமார் 8,000 நுண்பைகள் இருப்பதையும் ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் அணுக்கள் அளவில் துத்தநாகம் இருப்பதையும் 2015இல் கணக்கிட்டார்கள். விந்து சேர்ந்ததும் முட்டை இவற்றிலிருந்து துத்தநாகத்தை அலையலையாக வெளியே கொட்டுகிறது. உள்ளே துத்தநாகம் குறைவதே ‘இனி பிரிந்து வளரலாம்’ என்பதற்கான அனுமதி.

மாத்திரைக் கேள்விக்கு இங்கே விடை சொல்லிவிடலாம். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உடலிலிருந்து துத்தநாகமும் வெளியேறுகிறது. ஈடு செய்யப் பெரிய சேமிப்புக் கிடங்கு கிடையாது. குடலின் உள்தோல் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாக உருவாகிறவை. ஒவ்வொரு புதுச் செல்லுக்கும் கோடிக்கணக்கில் துத்தநாக அணுக்கள் வேண்டும். போக்கு நின்ற பிறகுதான் அந்தச் சீரமைப்பு நடக்கிறது. ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்தாலும் வைக்க இடமில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாரம் கொடுப்பதுதான் வழி. முழுவதும் கொடுத்து முடித்தால் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி போக்கு வரும் வாய்ப்பும் குறைகிறது.

துத்தநாக விரல்கள்

இனி மரபணுவுக்கு வருவோம். நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. கல்லீரலும் கண்ணும் வேறுபடுவது எந்த மரபணு இயங்குகிறது, எது சும்மா இருக்கிறது என்பதில். ஒரு மரபணு இயங்குவது என்றால், அதன் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அதைக் கொண்டு புரதம் தயாராவது. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. அதைத் ‘தொடக்கி’ என்போம். அந்தப் பகுதியின் குறிப்பிட்ட எழுத்துத்தொடரை அடையாளம் கண்டு அமரும் புரதங்களைப் ‘படியெடுப்புக் காரணிகள்’ என்போம். அவை வந்து அமர்ந்தால் படியெடுப்பு தொடங்கும், அல்லது நிற்கும்.

டி.என்.ஏ.வின் எழுத்தை ஒரு புரதம் எப்படிப் படிக்கிறது? 1980களின் தொடக்கத்தில் இது பெரிய கேள்வி. கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஆரோன் க்ளூக்கும் அவருடைய ஆராய்ச்சி மாணவர் ஜொனாதன் மில்லரும் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் நிறைய இருக்கும் ஒரு படியெடுப்புக் காரணியைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். வழக்கமான முறைகளில் விளைச்சல் மிகக் குறைவாகவே வந்தது. சுத்திகரிப்பில் சேர்த்த வேதிப்பொருள் உலோகத்தை உருவிவிடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. உலோகத்தைப் பறிக்கும் பொருளை வேண்டுமென்றே சேர்த்தார்கள். அந்தக் காரணி இருந்த மூலக்கூறுத் தொகுதி குலைந்தது. துத்தநாகத்தை முன்கூட்டியே சேர்த்துவைத்தால் குலையவில்லை. அளந்து பார்த்தபோது ஒரு தொகுதிக்கு ஏழு முதல் பதினொன்று துத்தநாக அணுக்கள் இருந்தன.

புரதத்தின் வரிசையைப் பார்த்ததும் விடை தெளிந்தது. சுமார் முப்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே பாங்கு ஒன்பது முறை திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட இடங்களில் இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடின். இந்த நான்கும் ஒரு துத்தநாக அணுவைப் பற்றிக்கொண்டால், தொளதொளவென்று கிடக்கும் சங்கிலித் துண்டு மடங்கி விறைப்பாக நீட்டிக்கொள்ளும். 1985இல் வெளியான இந்தக் கருத்துக்குத் ‘துத்தநாக விரல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1991இல் நிகோலா பாவ்லெடிச்சும் கார்ல் பாபோவும் மூன்று விரல் கொண்ட ஒரு புரதம் டி.என்.ஏ.வைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையிலேயே படிகமாக்கிப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு விரலும் டி.என்.ஏ.வின் பள்ளத்துக்குள் நுழைந்து ஏறத்தாழ மூன்று எழுத்தைப் படிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மனிதரிடம் இவ்வகை விரல் கொண்ட புரதங்களுக்கான மரபணுக்கள் எழுநூறுக்கு மேல்.

இந்த விரல்களில் பெரும்பாலானவை துத்தநாகத்தை ஒருமுறை பிடித்தால் விடாதவை. அங்கே அது கட்டடத்தின் பாகம், அசையாச் சொத்து. ஆனால் ஒரு புரதத்தின் விரல்கள் மட்டும் வேறு வேலை பார்க்கின்றன.

இருப்பை உணரும் காரணி

செல்லுக்கு உலோகம் கொடுத்தால் மெட்டலோதயோனின் உற்பத்தி ஏறுகிறது என்பது முன்பே தெரியும். ஏற்கெனவே உள்ள செய்தி வேகமாகப் பயன்படுகிறதா, அல்லது மரபணுவே கூடுதலாகப் படியெடுக்கப்படுகிறதா? இரண்டாவதுதான் என்று டயான் டர்னமும் ரிச்சர்ட் பால்மிட்டரும் 1981இல் காட்டினார்கள். அப்படியென்றால் உலோகத்துக்குக் கட்டுப்படுவது அந்த மரபணுவின் தொடக்கிப் பகுதியாகத்தான் இருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு துணிச்சலான வழி இருந்தது: தொடக்கியை மட்டும் வெட்டி வேறொரு மரபணுவின் முன்னால் ஒட்டிப் பார்ப்பது.

பால்மிட்டர், ரால்ஃப் பிரின்ஸ்டர் ஆகியோரின் குழு சுண்டெலியின் மெட்டலோதயோனின் தொடக்கியை எடுத்துப் பெரிய எலி இனத்தின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவோடு இணைத்தது. அந்தக் கலவையைக் கருவுற்ற சுண்டெலி முட்டைகளுக்குள் செலுத்தியது. பிறந்த 21 சுண்டெலிகளில் ஏழில் அந்தக் கலவை மரபணு இருந்தது. அவற்றில் ஆறு, உடன்பிறந்தவற்றைவிடத் தெளிவாகப் பெரிதாக வளர்ந்தன. மிகப் பெரியது கிட்டத்தட்ட இரு மடங்கு. 1982 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தச் சுண்டெலிகளின் படம் உலகப் புகழ் பெற்றது. மரபணு மாற்றத்தின் அடையாளமாகவே அதைப் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். உலோகத்தின் கட்டளையைக் கேட்கும் டி.என்.ஏ. துண்டைத் தனியே கழற்றி வேறிடத்தில் பொருத்தினாலும் அது வேலை செய்யும் என்பதற்கும் அதுவே சான்று.

அந்தத் துண்டை மேலும் மேலும் நறுக்கிப் பார்த்ததில், ஏழு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு தொடர் பலமுறை வருவது தெரிந்தது. அது ‘உலோக மறுமொழித் தொடர்’. அதில் வந்து அமரும் புரதத்தை சூரிச்சில் வால்டர் ஷாஃப்னரின் குழு கண்டுபிடித்து, 1993இல் அதன் மரபணுவையும் பிரித்தெடுத்தது. அதன் பெயர் எம்.டி.எஃப்-1. அதற்கு ஆறு துத்தநாக விரல்கள். மற்ற காரணிகளைப்போல் இவை எல்லாம் எப்போதும் நிரம்பியிருப்பதில்லை. தனித் துத்தநாகம் சற்றுக் கூடினால்தான் எல்லா விரலும் விறைத்து நிற்கும்; அப்போதுதான் இது செல்லின் கருவுக்குள் சென்று டி.என்.ஏ.வில் உறுதியாக அமரும். ஆறில் எந்த விரல் இந்த உணர்தலைச் செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது.

அமர்ந்ததும் மூன்று காரியம் நடக்கிறது. மெட்டலோதயோனின் மரபணு இயங்கிப் புதிய பெட்டிகள் தயாராகின்றன. துத்தநாகத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் கடத்திப் புரதத்தின் மரபணுவும் இயங்குகிறது. உள்ளே இழுக்கும் கடத்திகளில் ஒன்றின் மரபணு அடங்குகிறது. தனித் துத்தநாகம் மறுபடி குறைகிறது, எம்.டி.எஃப்-1இன் விரல்கள் தளர்கின்றன. எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இங்கே துத்தநாகம் இரண்டு வேடம் போடுகிறது. சேமிக்கப்படும் பொருளும் அதுவே. ‘சேமித்துவை’ என்ற செய்தியும் அதுவே.

இந்த வட்டம் மெய்யாகவே இப்படித்தான் சுழல்கிறது என்பதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. காட்மியமும் தாமிரமும் மெட்டலோதயோனின் மரபணுவை இயக்கும் என்பது தெரியும். ஆனால் எம்.டி.எஃப்-1 உணர்வது துத்தநாகத்தை மட்டும்தான். இது எப்படி? ஷாஃப்னரின் குழு 2003இல் செல்லே இல்லாமல், தேவையான பொருள்களை மட்டும் சோதனைக் குழாயில் கலந்து படியெடுப்பை நடத்திப் பார்த்தது. துத்தநாகம் சேர்த்தால் எம்.டி.எஃப்-1 வேலை செய்தது. காட்மியம் மட்டும் சேர்த்தால் செய்யவில்லை. துத்தநாகம் நிரம்பிய மெட்டலோதயோனினையும் கூடவே போட்ட பிறகு காட்மியம் சேர்த்தால், வேலை நடந்தது. காட்மியம் பெட்டிக்குள் புகுந்து துத்தநாகத்தை வெளியே தள்ளுகிறது. வெளியே வந்த துத்தநாகம் எம்.டி.எஃப்-1ஐத் தட்டி எழுப்புகிறது. நஞ்சு வந்த சேதியைச் சேமிப்புப் பெட்டியே சொல்லிவிடுகிறது, துத்தநாகத்தின் வாயால்.

இந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தார்கள். மெட்டலோதயோனினின் இரு முக்கிய வகைகளும் இல்லாத சுண்டெலிகள் பிறந்து வளர்ந்தன. ஆனால் காட்மியம் கொடுத்தபோது எளிதில் பாதிக்கப்பட்டன. எம்.டி.எஃப்-1 இல்லாத சுண்டெலிகளோ பிறக்கவே இல்லை. 14ஆம் நாள் வாக்கில் கல்லீரல் சிதைந்து கருவிலேயே இறந்தன. பெட்டி இல்லாமல் ஓரளவு சமாளிக்கலாம். இருப்பை உணரும் காரணி இல்லாமல் முடியாது.

பஞ்ச காலத்து ஒழுங்கு

மிஞ்சும்போது என்ன செய்வது என்பதை எம்.டி.எஃப்-1 பார்த்துக்கொள்கிறது. குறையும்போது? இதில் ஈஸ்ட்டின் ஏற்பாடு தெளிவாக விளங்கியிருக்கிறது. அதிலுள்ள ஸாப்-1 என்ற படியெடுப்புக் காரணி தலைகீழாக வேலை செய்கிறது. துத்தநாகம் ஒட்டியிருக்கும்வரை அடங்கியிருக்கும்; துத்தநாகம் குறைந்தால் விழித்துக்கொண்டு, உள்ளே இழுக்கும் கடத்திகளின் மரபணுக்களையும், சேமிப்புப் பையைத் திறந்துவிடும் கடத்தியின் மரபணுவையும் இயக்கும்.

வரவைக் கூட்டுவதோடு செலவையும் அது குறைக்கிறது. ஈஸ்ட்டில் மது தயாரிக்கும் முக்கிய நொதி செல்லில் ஏராளமாக இருக்கும். ஒவ்வொரு பிரதியும் துத்தநாகத்தைத் தின்னும். பஞ்சம் வந்தால் ஸாப்-1 அந்த நொதியின் மரபணுவைச் சுற்றுவழியில் நிறுத்திவிடுகிறது. அந்த மரபணுவின் தொடக்கிப் பகுதி வழியே வேறொரு ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கவைத்து, உரிய படியெடுப்பு நடக்காமல் தடுக்கிறது என்று 2006இல் தெரியவந்தது. குடும்பத் தலைவி பண்டிகைச் செலவை நிறுத்திவிட்டு அரிசிக்கு ஒதுக்குவதுதான் இது.

மீதமிருப்பதை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற முன்னுரிமையும் செல்லுக்கு உண்டு. கையில் துத்தநாகத்தை எடுத்துக்கொண்டு போய் உரிய புரதத்திடம் சேர்க்கும் துணைப்புரதம் ஏதாவது இருக்கும் என்று பல ஆண்டுகளாகத் தேடினார்கள். 2022இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் ஸ்கார், இண்டியானா பல்கலைக்கழகத்தின் டேவிட் கீட்ராக் ஆகியோரின் குழுக்கள் ஸிங்-1 என்ற புரதம் அதைச் செய்வதைக் காட்டின. புதிதாகப் பிறக்கும் புரதங்களின் முதல் அமினோ அமிலத்தைக் கத்தரித்துச் சீராக்கும் ஒரு நொதிக்கு அது துத்தநாகத்தை ஏந்திச் செல்கிறது. எண்ணற்ற புரதங்களின் வேலை அந்த ஒரு நொதியைச் சார்ந்திருக்கிறது. பஞ்ச காலத்தில் அதற்கு முதல் பங்கு.

இவ்வளவும் தெரிந்த பிறகு, மருத்துவத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு தொல்லையைப் புதிதாகப் பார்க்க முடிகிறது. ஒருவருக்குத் துத்தநாகம் குறைவா என்று அறிய இரத்தத் திரவத்தில் அளக்கிறோம். உடலின் மொத்தத் துத்தநாகத்தில் நூறில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாகவே அங்கே இருக்கிறது. போதாததற்கு, காய்ச்சலோ தொற்றோ வந்தால் அழற்சிச் சமிக்ஞை ஒன்று கல்லீரலில் துத்தநாகம் இழுக்கும் கடத்தியைக் கூட்டிவிடுகிறது. கல்லீரலில் மெட்டலோதயோனினும் பெருகுகிறது. இரத்தத்தில் அளவு சரிகிறது. உடலில் துத்தநாகம் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. நோயுற்ற குழந்தையின் இரத்த அறிக்கையில் குறைந்த எண்ணைப் பார்த்து உடலில் பற்றாக்குறை என்று சொல்லிவிட முடியாது. சரியான எண்ணைப் பார்த்துக் குறையில்லை என்று நிம்மதியடையவும் முடியாது.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கசின்ஸின் குழு வேறு இடத்தில் பார்த்தது. இளைஞர்களுக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்து, அவர்களின் வெள்ளையணுக்களில் மெட்டலோதயோனின் மரபணுவின் ஆர்.என்.ஏ. படிகளை எண்ணியது. துத்தநாகம் கொடுத்தவர்களிடம் அது உயர்ந்தது. 2006இல் வெளியான இந்த ஆய்வின் பின்னால் இருக்கும் எண்ணம் எளியது: உடலில் எத்தனை அணு இருக்கிறது என்று நாம் வெளியிலிருந்து எண்ணிச் சலிப்பதைவிட, செல் என்ன முடிவுக்கு வந்திருக்கிறது என்று படித்துப் பார்க்கலாம். சில நூறு அணுக்களின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டு, செல் தன் முடிவை ஒவ்வொரு நொடியும் ஆர்.என்.ஏ. எழுத்தில் எழுதிக்கொண்டேயிருக்கிறது. ஊட்டச்சத்துக் குறைபாட்டை உணவுத் தட்டிலும் இரத்தக் குழாயிலும் தேடிவந்த மருத்துவம், மரபணுவின் படிகளிலும் தேடத் தொடங்கியிருப்பதற்கு இந்தச் சாதாரண உலோகம் ஒரு முன்னோடி.